அகலம் மாறியது, வளைவு மாறவில்லை: களனிவெளிப் பாதையும் அதன் தொலைந்த வால்களும்

களனிவெளிப் பாதையில், கொழும்பின் மருதானையிலிருந்து அவிசாவளைக்குத் தண்டவாளம் வழியே ஏறத்தாழ 60 கிலோமீற்றர். அதை ஓடி முடிக்கக் கோச்சிக்கு (ரயிலுக்கு) இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கிறது. கரையோரப் பாதையில் அதே நேரத்தில் காலியை நெருங்கிவிடலாம். களனிவெளிக் கோச்சியில் தினமும் வேலைக்கு வருபவர்களிடம் காரணம் கேட்டால் பெட்டி பழசு, பாதை ஒற்றை, கேட் அதிகம், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரிப்பு என்று அடுக்குவார்கள். எல்லாமே உண்மைதான். ஆனால் இவை அனைத்தையும் நாளைக்கே சரிசெய்தாலும் அந்தக் கோச்சி பெரிதாக வேகம் பிடிக்காது. மூல காரணம் நிலத்தில் இருக்கிறது. 120 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சின்னக் கோச்சிக்காகப் போட்ட தடத்தில் இன்று பெரிய கோச்சி ஓடுகிறது.

இலங்கையின் பிரதான பாதைகள் எல்லாம் 5 அடி 6 அங்குல அகலம் கொண்டவை, அதாவது 1676 மில்லிமீற்றர். இந்தியாவின் அகலப் பாதையும் இதே அளவுதான். களனிவெளிப் பாதை தொடங்கும்போது 2 அடி 6 அங்குலம், 762 மில்லிமீற்றர். பாதிக்கும் குறைவு. 1990களில்தான் அவிசாவளை வரை அகலமாக்கி முடித்தார்கள். அப்போது மாற்றியது தண்டவாளங்களுக்கு இடையிலான தூரத்தை. பாதை எந்தக் குன்றைச் சுற்றுகிறது, எந்த வயலோரம் திரும்புகிறது என்பது பெரும்பாலும் பழையபடியே இருந்தது. ஒரு கிளைப் பாதையைப் புரிந்துகொள்ள விரும்புபவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய நுனி இதுதான். எஞ்சினைப் பற்றியும் பெட்டியைப் பற்றியும் எழுதியவர்கள் நிறையப் பேர். வளைவைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

ஏன் ஒடுக்கமாகப் போட்டார்கள்

கோச்சி வருவதற்கு முன்னர் களனி ஆற்றின் மேற்பகுதித் தோட்டங்களின் தேயிலை மாட்டு வண்டியிலும் ஆற்றுப் படகிலும் கொழும்புக்கு வந்தது. மழைக்காலத்தில் ஆறு பெருகும், வெயில் காலத்தில் வற்றும். இரண்டு வேளையிலும் படகு சிக்கும். களனிப் பள்ளத்தாக்குத் தோட்டக்காரர்கள் ரயில் கேட்டு நீண்ட காலம் மல்லுக்கட்டினார்கள். அரசாங்கத்தின் தயக்கம் செலவு பற்றியது. அந்தப் பேரத்தின் முடிவுதான் ஒடுக்கப் பாதை. 1902இல் அவிசாவளை வரை, 1903இல் யட்டியாந்தோட்டை வரை கோச்சி ஓடியது. பிறகு அவிசாவளையிலிருந்து இன்னொரு கை பிரிந்து 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓப்பநாயக்கவையும் தொட்டது. றப்பர் பெருகிய காலத்தில் இந்தக் கைக்கு நல்ல வேலை இருந்தது.

ஒடுக்கப் பாதை மலிவு என்று சொல்வார்கள். எதில் மலிவு? தண்டவாளம் மெல்லியது, சிலிப்பர் கட்டை குட்டையானது என்பது சிறிய மிச்சம்தான். அகலப் பாதைக்குப் பொதுவாக 9 அடிக் கட்டை தேவை என்றால் 2 அடி 6 அங்குலப் பாதைக்கு 5 அடிக் கட்டை போதும். பெரிய மிச்சம் மண் வேலையில் கிடைத்தது. சின்னக் கோச்சி இறுக்கமாகத் திரும்பும். எதிரே ஒரு மேடு வந்தால் வெட்டிப் போகாமல் சுற்றிப் போகலாம். வயல் வந்தால் உயரமாக அணை கட்டாமல் ஓரமாக ஒதுங்கலாம். பாலத்தின் பாரமும் குறையும், சுரங்கம் தோண்டும் தேவையும் குறையும். வளைவால் சேமித்த பணம் அது. அந்தச் சேமிப்புக்கான வட்டியைத்தான் இன்றைய பயணி நேரமாகக் கட்டுகிறார்.

அந்தக் காலத்து ஜே1 வகை எஞ்சினும் இதற்கேற்றதே. சக்கர அமைப்பு 4-6-4. முன்னால் நான்கு சின்னச் சக்கரம், நடுவில் இழுக்கும் ஆறு, பின்னால் மீண்டும் நான்கு. நீர்த்தொட்டியும் நிலக்கரியும் எஞ்சினின் உடம்பிலேயே இருந்ததால் தனி வண்டி கிடையாது. முன்னும் பின்னும் ஒரேமாதிரி வழிகாட்டும் சக்கரங்கள் இருந்ததால் எந்தத் திசையிலும் ஒரே துணிவோடு ஓட்டலாம். பாதை முடியும் ஊரில் எஞ்சினைத் திருப்பப் பெரிய சுழல்மேடை கட்டும் செலவையும் தவிர்க்கலாம். ஒரு கிளைப் பாதையின் புத்தி முழுவதும் இந்த ஒரு வடிவத்தில் அடங்கியிருக்கிறது.

வளைவு எப்படி வேகத்தைத் தின்கிறது

வளைவில் ஓடும் கோச்சி வெளிப்பக்கம் சாய முயலும். அதைச் சமன்செய்ய வெளித் தண்டவாளத்தை உள் தண்டவாளத்தைவிட உயர்த்துவார்கள். எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. பாதையின் அகலத்தை மில்லிமீற்றரில் எடுத்து, மணிக்கு இத்தனை கிலோமீற்றர் என்ற வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 127ஆலும் வளைவின் ஆரையாலும் (மீற்றரில்) வகுக்க வேண்டும்.

150 மீற்றர் ஆரையுள்ள வளைவு ஒன்றை எடுத்துப் பார்ப்போம். அகலப் பாதையில் மணிக்கு 30 கிலோமீற்றருக்கு 79 மில்லிமீற்றர் உயர்த்தினால் போதும். 40 கிலோமீற்றருக்கு 141 வேண்டும். 60 கிலோமீற்றருக்கு 317 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட ஒரு முழு அடிமட்டத்தின் நீளம். அப்படி எந்தப் பாதையையும் உயர்த்த முடியாது. கோச்சி அந்த வளைவில் நின்றுவிட்டால் உட்பக்கம் சரிந்து கிடக்கும், மெதுவாக வரும் சரக்குக் கோச்சி உள் தண்டவாளத்தை நசுக்கும். எனவே 150 மீற்றர் வளைவில் 40ஐத் தாண்டுவது சரிவராது. எவ்வளவு நல்ல பவர் செட் (எஞ்சினும் பெட்டியும் ஒன்றாய்ச் சேர்ந்த கோச்சி) வாங்கிவிட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. வேகம் இரட்டித்தால் தேவைப்படும் உயரம் நான்கு மடங்காகும்.

அதே வளைவு, அதே 40 கிலோமீற்றர், ஆனால் 762 மில்லிமீற்றர் பாதை என்றால் வேண்டிய உயரம் 64 மில்லிமீற்றர் மட்டும். பாதை ஒடுக்கம் என்பதால் உயரம் குறைகிறதே தவிர, கோச்சி சாயும் கோணம் இரண்டிலும் ஒன்றே. மெதுவாக ஓடிய சின்னக் கோச்சிக்கு அந்தத் தடம் போதுமாக இருந்தது, வேகம் எதிர்பார்க்கப்படும் பெரிய கோச்சி அதில் திணறுகிறது.

இன்னொரு தொல்லை தேய்மானம். கோச்சிச் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டவை. வண்டியின் சக்கரங்களைப்போல வெவ்வேறு வேகத்தில் சுழலாது. செங்கோணமாகத் திரும்பும் ஒரு வளைவில் வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிட அகலப் பாதையில் 2.63 மீற்றர் கூடுதல் நீளம். ஒடுக்கப் பாதையில் இந்த வித்தியாசம் 1.2 மீற்றர்தான். சக்கரத்தின் கூம்புச் சரிவு இந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியைச் சமாளிக்கும். இறுகிய வளைவில் மிச்சம் வழுக்கலாக மாறும். நுகேகொடைக்கும் மஹரகமவுக்கும் இடையில் காதைக் கிழிக்கும் அந்தக் கீச்சொலி வழுக்கலின் சத்தம். சக்கரத்தின் விளிம்பு வெளித் தண்டவாளத்தின் உட்பக்கத்தைச் சீவிக்கொண்டே போகிறது என்று அர்த்தம்.

சீவல் தொடர்ந்தால் என்ன ஆகும்? பக்கவாட்டு அழுத்தம் ஆணிகளை அசைக்கும். மரக் கட்டை மழையில் ஊறி உளுத்திருந்தால் ஆணித் துளை அகன்றுவிடும். தண்டவாளங்கள் மெல்ல விலகும். விலகல் சக்கரத்தின் அகலம் தாங்கும் அளவைத் தாண்டினால் ஒரு சக்கரம் உள்ளே இறங்கிவிடும். கிளைப் பாதைகளில் நடக்கும் மெதுவேகத் தடம்புரள்வுகளில் பலவற்றின் வரிசை இதுதான். கல் சல்லியில் சேறு ஏறி வடிகால் அடைபட்டிருந்தால் கதை இன்னும் சீக்கிரம் முடியும். கொங்கிரீட் கட்டை போட்டால் உளுக்காது என்பது சரி. ஆனால் இறுக்கமான வளைவில் பாதையைச் சில மில்லிமீற்றர் அகட்டிவைக்க வேண்டும். மரக் கட்டையில் ஆணியைத் தள்ளி அடித்தால் வேலை முடிந்தது. கொங்கிரீட் கட்டையில் பிடிப்புகளின் இடம் வார்ப்பிலேயே நிலையாகிவிடுவதால் வளைவுக்கென்று தனி அளவில் வார்க்க வேண்டும். செலவு மீண்டும் வளைவிலேயே வந்து நிற்கிறது.

வளைந்த மேடையில் கோச்சிக்கும் மேடைக்கும் இடையில் விழும் இடைவெளியும் இதே குடும்பம். பெட்டி நேரானது, பாதை வளைந்தது. சக்கரக் கூட்டங்களுக்கு இடையில் 14 மீற்றர் உள்ள பெட்டி 150 மீற்றர் வளைவில் நின்றால் அதன் நடுப்பகுதி பாதையின் நடுக்கோட்டிலிருந்து 16 சென்ரிமீற்றர் உட்பக்கம் தள்ளியிருக்கும். நுனிகள் வெளிப்பக்கம் நீட்டும். அதை இடிக்காமல் இருக்க மேடையைத் தள்ளிக் கட்ட வேண்டும். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கும் தாய்க்கு அந்த 16 சென்ரிமீற்றர் பெரிய தூரம்.

ஒப்பிட்டுப் பார்க்க யாழ்ப்பாணப் பாதை நல்ல உதாரணம். 1990இல் நின்றுபோன அந்தப் பாதையை இந்தியாவின் இர்கோன் நிறுவனம் மீண்டும் போட்டபோது, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தையும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறையையும் கோச்சி மறுபடி அடைந்தது. வன்னிச் சமவெளியில் முன்னர் கோச்சி போன வேகத்தைவிடக் கூடிய வேகம் கிடைத்தது. புதுத் தண்டவாளம் ஒரு காரணம். 1905இல் முழுமையான அந்தப் பாதை தொடக்கத்திலேயே அகலப் பாதையாக, சமதரையில், நேர்கோடுகளாகப் போடப்பட்டது என்பது அதைவிடப் பெரிய காரணம். அதே தண்டவாளத்தையும் அதே கொங்கிரீட் கட்டையையும் கொண்டுவந்து பாதுக்கையிலும் வாகவிலும் போட்டாலும் அந்த வேகம் வராது. காணி எடுத்து வளைவுகளை விரிக்க வேண்டும். பாதையின் இரண்டு பக்கமும் வீடும் கடையும் மதிலும் ஒட்டிக் கிடக்கும் இந்த ஊர்களில் அது எவ்வளவு கடினம் என்பதைக் கோச்சியின் யன்னலோரம் இருந்து பார்த்தாலே தெரியும்.

வால்கள் எப்படித் தொலைந்தன

யட்டியாந்தோட்டைக் கை 1942இல், போர்க்காலத்தில், மூடப்பட்டது. ஓப்பநாயக்கக் கை 1970களில் போனது. மலையகத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை, புரூக்சைட் வழியே இராகலைக்கு 1904 முதல் ஓடிய இன்னோர் ஒடுக்கப் பாதை 1948இல் முடிந்தது. மூன்றும் ஒரே நோயால் சாகவில்லை.

இராகலைப் பாதையின் பலவீனம் நானுஓயாவில் இருந்தது. அங்கே ஒடுக்கப் பாதை அகலப் பாதையைச் சந்தித்தது. இராகலையில் ஏற்றிய தேயிலைப் பெட்டி நானுஓயாவில் இறங்கி, மறுபடி ஏறி, கொழும்புக்குப் போக வேண்டும். ஒவ்வொரு கைமாற்றமும் கூலி, நேரம், நசுங்கல், நனைதல். தோட்டத்துத் தொழிற்சாலை வாசலில் ஏற்றிய லொறிக்கு இந்த இடமாற்றம் கிடையாது. ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீளமே உள்ள ஒரு பாதைக்கு இப்படியொரு போட்டியைத் தாங்கும் வலு இல்லை. தூரம் நீளமாக இருந்தால் இடமாற்றச் செலவு பரவிக் கரைந்துவிடும். குட்டைப் பாதையில் அது முழுப் பாரமாக இறங்கும்.

சப்ரகமுவப் பகுதியில் கதை வீதியைப் பற்றியது. அவிசாவளை, எஹலியகொடை, குருவிட்ட, இரத்தினபுரி என்று ஏ4 வீதி கோச்சிப் பாதையின் ஊர்களையே தொட்டுப் போகிறது. யட்டியாந்தோட்டைப் பக்கம் ஏ7 வீதி அப்படி. 1958இல் பஸ் சேவைகள் தேசியமயமான பிறகு அரச பஸ்ஸும் அரச கோச்சியும் ஒரே பயணிக்காக ஒரே வழியில் ஓடின. பஸ் சந்தியில் நிற்கும், கேட்டால் தோட்டத்து வாசலிலும் நிற்கும். கோச்சி ஸ்டேஷனில் மட்டுமே நிற்கும். செலவுப் பக்கம் பார்த்தால் இன்னும் கசப்பு. ஒரு நாளைக்கு இரண்டு கோச்சி ஓடினாலும் இருபது ஓடினாலும் ஸ்டேஷன் மாஸ்டர், கேட் காவலர், தண்டவாளக் கூட்டத்து வேலையாட்கள் எல்லோருக்கும் சம்பளம் ஒன்றே. கோச்சி குறைந்தால் பயணி குறைவார், பயணி குறைந்தால் இன்னொரு கோச்சி குறையும். இந்தச் சுழலில் மாட்டிய கிளைப் பாதைகள் உலகில் எங்கும் ஏறத்தாழ இதே விதமாகவே முடிந்தன.

அப்படியென்றால் மருதானை–அவிசாவளை மட்டும் ஏன் மிஞ்சியது? தேயிலை அதைக் காப்பாற்றவில்லை. நாரஹேன்பிட்டி, கிருலப்பனை, நுகேகொடை, மஹரகம, பன்னிப்பிட்டி, ஹோமாகம என்று கொழும்பு தென்கிழக்காகப் பெருகிக்கொண்டே போனது. தோட்டக்காரர்களுக்காகப் போட்ட பாதை கந்தோர்க்காரர்களின் பாதையானது. இன்று கோச்சி கொழும்பின் கோல்ஃப் மைதானத்தின் நடுவே ஓடுவதைப் பார்ப்பவருக்கு அதன் பழைய சரக்கு தேயிலையும் றப்பரும் என்று சொன்னால் நம்பக் கடினமாக இருக்கும்.

தொலைந்த தடத்தைக் கண்டுபிடிப்பது

அவிசாவளைக்கு அப்பால் தண்டவாளம் இல்லை. ஆனால் தடம் முழுதும் அழியவில்லை. தேடுபவர் வீட்டிலிருந்தே தொடங்கலாம், தொடங்க வேண்டும். முதலில் நில அளவைத் திணைக்களத்தின் பழைய, ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவிலான வரைபடத் தாள்கள். அவற்றில் ஒடுக்கப் பாதை தெளிவாக உண்டு. பிறகு சுதந்திர சதுக்கத்துக்கு அருகே உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ரயில்வேப் பொது முகாமையாளரின் ஆண்டு நிருவாக அறிக்கைகளைக் கேட்க வேண்டும். வெள்ளம், மண்சரிவு, பாலம் பழுது, வருமானம் எல்லாம் அதில் பாதைவாரியாக வரும்.

அந்த அறிக்கைகளில் இடங்கள் மைலிலும் சங்கிலியிலும் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு சங்கிலி 66 அடி, 20.117 மீற்றர். 80 சங்கிலி ஒரு மைல். "36 மைல் 40 சங்கிலி" என்றால் 36.5 மைல், 58.7 கிலோமீற்றர். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். தூரம் கொழும்புக் கோட்டையிலிருந்து எண்ணப்பட்டதா மருதானையிலிருந்தா என்று பார்க்காமல் வரைபடத்தில் புள்ளி வைத்துவிட்டால், தேடும் மதகு ஒரு மைலுக்கு மேல் தள்ளிப் போய்விடும். நிலையான ஒரு பாலத்தை, அதாவது இன்றும் நிற்கும் ஒன்றை, முதலில் பொருத்திப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போவது பாதுகாப்பு.

அடுத்தது செய்மதிப் படம். பழைய தடத்துக்கென்று ஒரு கையெழுத்து உண்டு. திடீர்த் திருப்பம் இருக்காது. ஒரே சீரான வில். அந்த வில்லின் ஆரையைத் திரையிலேயே அளக்கலாம். வளைவின் மேல் 60 மீற்றர் நாண் ஒன்று வரைந்து, நாணின் நடுவிலிருந்து வளைவு வரை உள்ள உயரத்தைப் பார்க்க வேண்டும். நாணின் வர்க்கத்தை உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் ஆரை. 60 மீற்றர் நாணுக்கு 3 மீற்றர் உயரம் என்றால் ஆரை 150 மீற்றர். நேரில் போகும்போது 20 மீற்றர்க் கயிறும் அடிமட்டமும் போதும். 33 சென்ரிமீற்றர் உயரம் ஏறத்தாழ 150 மீற்றர் ஆரையைக் காட்டும். தட்டையான வளைவுக்கு 20 மீற்றர்க் கயிறு உதவாது. 1000 மீற்றர் ஆரைக்கு உயரம் 5 சென்ரிமீற்றர்தான் வரும். அதில் ஒரு சென்ரிமீற்றர் பிசகினால் விடை 833க்கும் 1250க்கும் இடையில் அலையும். 40 மீற்றர்க் கயிறு பிடித்தால் உயரம் 20 சென்ரிமீற்றராகி, பிசகு அடங்கும். கயிற்றைப் பத்து மீற்றர் பத்து மீற்றராக நகர்த்தி அளந்து எழுதிக்கொண்டே போனால் வளைவு எங்கே தொடங்கி எங்கே இறுகியது என்பதும் தெரிந்துவிடும்.

இந்த அளவையெல்லாம் கைவிட்ட தடத்துக்கு மட்டுமே. கோச்சி ஓடும் பாதையில் இறங்கி நடப்பது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. வளைவும் வெட்டும் உள்ள களனிவெளிப் பாதையில் கோச்சியின் சத்தம் கேட்பதற்கும் அது முன்னால் வருவதற்கும் இடையில் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. ஓடும் பாதையைத் திரையில் அளவிடுங்கள்.

தோட்டப் பகுதியில் பழைய வண்டிப் பாதையைக் கோச்சித் தடம் என்று நினைத்து ஏமாறுவது அதிகம். பிரித்தறியச் சரிவைப் பார்க்க வேண்டும். வண்டிப் பாதை ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். கோச்சித் தடம் நீண்ட தூரம் ஒரே சரிவில் போகும். மேடு வந்தால் வெட்டு, பள்ளம் வந்தால் அணை. கைப்பேசி காட்டும் உயரத்தை நம்பிச் சரிவு கணிக்கக் கூடாது. பத்து மீற்றர் அளவில் அது தவறலாம். நீர் நிரப்பிய 25 மீற்றர் ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் குழாய் ஒன்று, மேசன்மார் மட்டம் பார்ப்பார்களே அது, மிக நல்ல கருவி. குழாயின் இரண்டு நுனியிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். 25 மீற்றருக்கு நிலம் 50 சென்ரிமீற்றர் உயர்ந்தால் சரிவு 50க்கு 1. ஒப்பிட ஓர் அளவு வேண்டுமென்றால், மலையகப் பிரதான பாதையின் கடினமான ஏற்றங்கள் 44க்கு 1. குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் அளவு பொய்யாகும். ஒவ்வொரு முறையும் இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்துச் சரிபார்க்க வேண்டும்.

மதகுகள் தடத்தின் எலும்பு. தண்டவாளத்தைக் கழற்றி எடுத்துவிடலாம், கட்டையை அடுப்பில் வைத்துவிடலாம், கருங்கல் மதகை யாரும் சும்மா இடிப்பதில்லை. அதன் மேல் இன்று ஊர் வீதி போகும். வீதிக்கு மட்டும் கட்டிய மதகைவிடக் கோச்சி மதகின் கல் வேலை கனமாக இருக்கும். ஆற்றின் இரு கரையிலும் மேல் எதுவும் இல்லாமல் நிற்கும் பாலக் கால்கள் இன்னும் உறுதியான சாட்சி. அவற்றின் அகலத்தை அளந்து எழுதுங்கள். ஒற்றை ஒடுக்கப் பாதைக்கு அகலம் அதிகம் தேவைப்படாது.

ஊரவர்களிடம் விசாரிக்கும்போது "புகையிரதப் பாதை" என்று கேட்டால் பெரும்பாலும் அவிசாவளைக்கு வழி சொல்வார்கள். சிங்களத்தில் "பரண கோச்சி பார" என்று கேட்டுப் பாருங்கள், தமிழில் "பழைய கோச்சி ரோட்டு" என்று கேளுங்கள். கோச்சி இரண்டு மொழிக்கும் பொதுச் சொல். தோட்டத்துக்குள் தடம் போனால் தோட்டக் கந்தோரில் அனுமதி வாங்கிய பிறகுதான் நுழைய வேண்டும். யாரோ ஒருவருடைய வீட்டு முற்றமாகிவிட்ட தடமும் உண்டு. அங்கே கயிற்றை விரிப்பதற்கு முன் வாசலில் நின்று கேட்பது முறை. ஜனவரி முதல் மார்ச் வரை போவது நல்லது. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் மண்சரிவு அபாயம் வரும், பழைய வெட்டுகளின் ஓரம் நிற்கவே கூடாது.

மன்னார்க் கை

கிளைப் பாதை என்றதும் தமிழருக்கு முதலில் நினைவுக்கு வருவது களனிவெளி அல்ல. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை ஏறத்தாழ 106 கிலோமீற்றர் நீளமுள்ள கை. 1914இல் பாம்பன் பாலமும் இதுவும் சேர்ந்தே இயங்கத் தொடங்கின. சென்னை எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் கடலைத் தாண்டி, தலைமன்னார்த் துறையில் மறுபடி கோச்சி ஏறிக் கொழும்புக் கோட்டைக்கு வந்தார். வியாபாரி, மாணவர், யாத்திரிகர், தோட்டத் தொழிலாளி எல்லோரும் இந்த வழியில் வந்தார்கள், போனார்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேசுவரத்திலிருந்து கப்பல் தொடர்ந்து, 1980களில் அதுவும் நின்றது. 1990இல் கோச்சியும் நின்றது. கடல் தாண்டிய தொடர்பு போனபின் அந்தப் பாதைக்கு ஒரு முனை இல்லாமல் போய்விட்டது என்பதை இந்த வரிசை காட்டுகிறது. போர் அதன் மேல் விழுந்த இரண்டாவது அடி.

2013இல் மடு வீதி வரையும் 2015 மார்ச்சில் தலைமன்னார் வரையும் கோச்சி திரும்பியது. பழைய தடத்தின் மேலேயே புதிய பாதை விழுந்தது. களனிவெளியின் வால்களுக்கு நடந்ததற்கு இது நேர் எதிர். அங்கே கோச்சி போய்விட்டது, மதகும் வெட்டும் மிஞ்சின. இங்கே கோச்சி மீண்டது, பழைய பொருள்கள் பெரும்பாலும் போயின. எனவே மன்னார்க் கையைத் தேடுபவருக்குத் தடத்தைவிடத் தாளும் ஆளும்தான் முக்கியம்.

தாளும் ஆளும்

தாள் என்றால் முதலில் பயணச் சீட்டு. தடித்த அட்டையில் 57க்கு 30 மில்லிமீற்றர் அளவில் அச்சிட்ட அந்தச் சீட்டில் புறப்படும் ஊர், சேரும் ஊர், வகுப்பு, கட்டணம், வரிசை எண் எல்லாம் இருக்கும். நாள் முத்திரை அழுத்தமாகக் குத்தப்பட்டிருக்கும். மூடப்பட்ட ஸ்டேஷன் ஒன்றின் கட்டணம் எப்போது எவ்வளவு என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று கிடைப்பது அரிது. மை மங்கியிருந்தால் சீட்டைச் சாய்த்துப் பிடித்துப் பக்கவாட்டில் ஒளி விழவைத்தால் குத்திய எண்களின் பள்ளம் தெரியும். பிளாஸ்ரிக் உறையிட்டு ஒட்டிவிடாதீர்கள், செலோரேப் போடாதீர்கள். கொழும்பின் ஈரத்தில் பசை மஞ்சளாகி அட்டையைத் தின்றுவிடும். அமிலமற்ற காகித உறை, சிலிக்கா ஜெல் பொட்டலம், இறுக மூடும் டப்பா. பொட்டலத்தை மாதம் ஒரு முறை மாற்ற வேண்டும். ஒளிப்படங்களைக் கணினிக்கு ஏற்றும்போது 600 புள்ளி அடர்த்தியில், பின்பக்கத்தையும் சேர்த்து ஏற்றுங்கள். பின்னால் பென்சிலால் எழுதிய ஊர்ப் பெயர் முன்பக்கப் படத்தைவிடப் பெறுமதியாக இருக்கலாம்.

ஆள் என்றால் ஓய்வுபெற்ற கார்ட், மாஸ்டர், டிரைவர், கேட் காவலர், அவர்களின் பிள்ளைகள். ரயில்வேயில் தமிழ் ஸ்டேஷன் மாஸ்டர்கள் நிறையப் பேர் இருந்த காலம் ஒன்று உண்டு. இந்தப் பாதைகளைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. அவர்கள் வேலைத்தலத்தில் புழங்கிய தமிழ் மிகக் குறைவாகவே பதிவாகியிருக்கிறது. "அந்தக் காலம் எப்படி இருந்தது" என்று கேட்டால் நல்லாத்தான் இருந்தது என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வேலையைக் கேளுங்கள். டேப்லட் கொடுத்தது எப்படி என்று கேளுங்கள்.

ஒற்றைப் பாதையில் இரண்டு கோச்சி எதிரெதிரே மோதாமல் இருக்க ஏற்பட்ட முறை அது. மலையகத்தில் இன்றும் பார்க்கலாம். அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களிலும் ஒரு பெட்டி இயந்திரம் இருக்கும். இரண்டும் கம்பியால் இணைந்தவை. ஒரு மாஸ்டர் மணியடித்துக் கேட்டு, மறுமுனை மாஸ்டர் சம்மதித்தால்தான் இங்கே ஓர் உலோக வட்டு வெளியே வரும். அது வெளியே இருக்கும்வரை இரண்டு பெட்டியிலும் இன்னொன்று வராது. வட்டைத் தோல் பையில் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, டிரைவர் கையில் கொடுப்பார்கள். அதில் பொறித்த இரண்டு ஊர்ப் பெயரும் தான் போகப்போகும் பகுதிதானா என்று டிரைவர் வாசித்துப் பார்க்க வேண்டும். வாசிக்காமல் வாங்கிப் போவதுதான் இந்த முறையில் மனிதன் செய்யக்கூடிய மிக ஆபத்தான பிழை. மணி எத்தனை அடி, என்ன அர்த்தம், இயந்திரம் பழுதானால் எழுத்து அனுமதி யார் கையெழுத்தில் வரும், இரவில் மழையில் வளையம் கை தவறினால் என்ன செய்வார்கள்? இப்படிக் கேட்டால் பேச்சு இரண்டு மணித்தியாலம் போகும். இடையில் வரும் சொற்களை நீங்கள் திருத்தாமல் அவர் சொன்னபடியே எழுதுங்கள். "கேபின்" என்றால் "கேபின்", "லைன் கிளியர்" என்றால் "லைன் கிளியர்".

ஒலிப்பதிவு செய்யும்போது விசிறியை நிறுத்துங்கள். பதிவின் தொடக்கத்தில் திகதி, இடம், அவர் எந்த ஸ்டேஷனில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை வேலை செய்தார் என்பதை அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். அவர் சொல்லும் ஆண்டை அறிக்கையோடும் சீட்டோடும் ஒப்பிட வேண்டும். நினைவு நிகழ்ச்சியை நன்றாகப் பிடிக்கும், ஆண்டைச் சரியாகப் பிடிக்காது. ஒப்பிட்டுப் பிசகு தெரிந்தால் அவர் சொன்னதை அழிக்காமல் பக்கத்தில் அறிக்கையின் ஆண்டையும் எழுதி வையுங்கள்.

பழைய பொருள்களை நேரில் பார்க்கக் கடுகண்ணாவையில் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. நாட்டில் கோச்சி ஓடத் தொடங்கி 150 ஆண்டு நிறைந்த 2014 டிசம்பர் 27ஆம் திகதி திறந்தது. கொழும்பிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருதானையில் அவிசாவளைக் கோச்சி ஏறுங்கள். பாதுக்கை தாண்டியதும் வலப்பக்க யன்னலுக்கும் இடப்பக்க யன்னலுக்கும் மாறி மாறிப் பார்த்து, எந்த வளைவில் எஞ்சின் தெரிகிறது, எங்கே கீச்சிடுகிறது, எங்கே மேடை வளைந்திருக்கிறது என்று ஸ்டேஷன் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள். அவிசாவளையில் இறங்கினால் தண்டவாளம் முடிகிற இடத்திலிருந்து தேட வேண்டிய தடம் இரண்டு. ஒன்று வடகிழக்கே தெஹியோவிட்ட, கரவனெல்ல வழியாக யட்டியாந்தோட்டைக்கு. மற்றது தென்கிழக்கே எஹலியகொடை வழியாக இரத்தினபுரிக்கு. யட்டியாந்தோட்டைத் தடம் குட்டை. முதலில் அதைப் பிடியுங்கள்.